ஜீப்ல ஆயில் பிரஷர் மீட்டர் பைப் போயிருச்சு, காப்பர் போடவா நைலான் போடவா?

போடிமெட்டு_ஜீப்:

வணக்கம் எல்லாருக்கும். எங்கிட்ட இருக்கிறது மஹிந்திரா சிஜே3பி, பெட்ரோல் ஹரிகேன் எஞ்சின், லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போக அப்பா வாங்குன வண்டி, அவர் இப்ப இல்ல, வண்டிய நாந்தான் பாத்துக்கறேன். போன ஞாயித்துக்கிழம போடியிலேருந்து மெட்டு ஏறிட்டிருந்தேன், மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல தாண்டியாச்சு, ரெண்டாவது கியர்ல இழுத்துக்கிட்டு இருக்கு, அப்ப முழங்காலுக்குக் கீழ சூடா என்னமோ சொட்டுச்சு. குனிஞ்சு பாத்தா பேண்ட் பூரா ஆயில், நிமிந்து மீட்டரப் பாத்தா முள்ளு கீழ படுத்துக் கிடக்கு. அந்த எடத்துலயே சாவிய ஆஃப் பண்ணிட்டேன், வளைவுல நிக்குறோம்னு கூட யோசிக்கல, கூட வந்த சித்தப்பா குதிச்சு எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வச்சாரு.

பானெட்ட தொறந்தா மேனிஃபோல்டு (எஞ்சின் பொகை வெளிய போற சூடான இரும்புக் குழாய்) மேல ஆயில் பட்டு ஒரே பொகை. டேஷ்போர்டுக்குக் கீழ அப்பா தனியா மாட்டுன ஆயில் மீட்டர் அது, எஞ்சின்லேருந்து மெல்லிசா ஒரு காப்பர் பைப் உள்ள வரும். அது தகட்டு ஓட்டை வழியா நுழையிற எடத்துல ரப்பரே இல்ல, உரசி உரசி ஒரு பக்கம் தேஞ்சு பொளந்துருச்சு. மேல போயிட்டிருந்த எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒரு அண்ணன் நிறுத்தி வந்து பாத்தாரு, எஞ்சின் பக்கம் ஒரு முழம் விட்டு பைப்ப கட் பண்ணி, முனைய ரெண்டு மடிப்பா மடிச்சு பிளையர்ல நல்லா நசுக்கிட்டாரு. அவர்கிட்ட இருந்த ஆயில்ல ஒன்றரை லிட்டர் ஊத்துன பெறகுதான் டிப்ஸ்டிக்ல கோடு தெரிஞ்சுச்சு. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் பாத்தோம், சொட்டு இல்ல, மெதுவா எறங்கி வீடு வந்து சேந்தேன்.

இப்ப கேள்வி. ஊர்ல ஒரு பட்டறைல காட்டுனேன், மீட்டரே வேணாம் தம்பி, பல்பு சுவிட்சு மாட்டி விடுறேன், பைப்பும் இல்ல ஒழுக்கும் இல்லங்கறாரு. எனக்கு மனசு வரல, அப்பா அந்த முள்ளப் பாத்துதான் வண்டியவே ஓட்டுவாரு. திரும்ப காப்பரே போடவா, இப்ப வர்ற நைலான் டியூப் போடவா? சொந்தமா செய்யலாம்னு இருக்கேன்.

பழைய_எஞ்சின்:

தம்பி முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வளைவுலயே ஆஃப் பண்ணுனீங்க பாருங்க, அதுதான் எஞ்சின காப்பாத்துச்சு. கொஞ்சம் தள்ளிப் போய் நல்ல எடமா பாத்து நிறுத்தலாம்னு நெனச்சிருந்தா அந்த அரை கிலோமீட்டர்ல பேரிங் போயிருக்கும். அந்த எஞ்சின் மொத்தமா புடிக்கிறதே 4 லிட்டர் சுத்திதான், அதுல ஒன்றரை வெளிய போயிருக்குன்னா ஏத்தத்துல பம்பு காத்தை இழுக்க ஆரம்பிக்க ரொம்ப நேரம் இல்ல.

பல்பு விஷயம். பல்பு சுவிட்சு பொதுவா அழுத்தம் 5 பிஎஸ்ஐ பக்கம் எறங்குனாத்தான் எரியும். ஏத்தத்துல லோடு இழுக்கும்போது 40 காட்ட வேண்டிய எடத்துல 15 காட்டுதுன்னு வச்சுக்கங்க, முள்ளு அதச் சொல்லும், பல்பு வாயத் தொறக்காது. பல்பு எரியும்போது நீங்க பாக்குறது நோய் இல்ல, கடைசி மூச்சு. பல்ப நான் வேணாங்கல, டீ (ஒரு வழிய ரெண்டாப் பிரிக்கிற ஜாயின்ட்) போட்டு ரெண்டையும் வைங்க, ஓட்டும்போது கண்ணு ரோட்டுல இருக்கும், பல்பு கூப்புடும். ஆனா மீட்டர எடுத்துட்டுப் பல்புன்னு சொல்றத ஒத்துக்காதீங்க.

எனக்கு எப்பவும் காப்பர்தான். பாத்து மாட்டுனா நம்ம காலத்துக்கும் வரும்.

வயல்_ட்ராக்டர்:

நான் நைலான் கட்சி. எங்க வீட்டு மாஸி ட்ராக்டர்ல காப்பர் ரெண்டு வாட்டி முறிஞ்சுது, ரெண்டு வாட்டியும் எஞ்சின் பிளாக்கோட சேர்ற நட்டு கிட்டயே. டீசல் எஞ்சின் ஆட்டம் அப்புடி. மூணாவது வாட்டி நைலான் போட்டேன், ஆட்டத்துக்கு அது அசரல. ஆனா தம்பி, ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன், போன அறுப்புக்கு முன்ன ரெண்டு மாசம் கொட்டகையில நின்னுச்சு, எலி கடிச்சுருச்சு. ஸ்டார்ட் பண்ணி இருவது அடி போகல, தரையில ஆயில் கோடு போட்டுக்கிட்டே வருது. வண்டி அடிக்கடி சும்மா நிக்கும்னா நைலான் யோசிச்சுப் போடுங்க.

கோவை_லேத்:

வணக்கங்க. ரெண்டு பேரு சொல்றதும் சரிதானுங்க, காப்பர் ஏன் முறியுதுன்னு தெரிஞ்சா சண்டையே இல்லீங்க. காப்பர் ஆட ஆட இறுகும். புதுசா வாங்குறப்ப கையிலயே வளையும், அஞ்சு வருசம் எஞ்சினோட ஆடுனதுக்கப்புறம் எடுத்து வளைச்சுப் பாருங்க, கம்பி மாதிரி வெறச்சு நிக்கும், அப்பறம் நட்டு ஓரத்துல மயிர் மாதிரி ஒரு கீறல் விழும். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல ஆடுது, மீட்டர் பாடில ஆடாம நிக்குது, நடுவுல அந்த ஆட்டத்த யாராவது வாங்கோணுமில்லைங்களா. அதுக்குத்தான் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ரெண்டு சுத்து, ரெண்டரை இன்ச்சு வட்டத்துல ஸ்ப்ரிங் மாதிரி சுத்தி விடறது. பெரிய பேட்டரி செல்லு மேல சுத்துனா ரொம்பச் சின்னதா போயிரும், டீ டம்ளர் அளவுக்கு மேல எதாச்சும் மேல சுத்துங்க, நசுங்காம வரும்.

பழைய பைப்பையே போடறதுன்னா சூடு காட்டோணுங்க. செவக்கற வரைக்கும் காட்டி தண்ணில முக்குங்க. இரும்புன்னா தண்ணில முக்குனா இறுகும், காப்பர் நேர்மாறு, பஞ்சு மாதிரி ஆயிரும். ஆனா உங்களுது பொளந்துருச்சு, புதுசே வாங்குங்க. கடைல ஒரு நூல் காப்பர் பைப்னு கேளுங்க, 1/8 இன்ச்சுதான் ஒரு நூல். ஆட்டோ கடைல இல்லைனா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடைல மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. ரொம்ப சன்னமான கேப்பிலரி குடுத்துருவாங்க, வெளி அளவு பாத்து வாங்கோணும், இல்லைனா ஃபெரூல், அதாவது நட்டுக்குள்ள பைப்பக் கடிச்சுப் புடிக்கற சின்ன வளையம், புடிக்காது.

அப்பறம் முக்கியமான கேள்வி. பிளாக்ல மாட்டியிருக்கற பித்தளை அடாப்டர் என்ன மரைன்னு பாத்தீங்களா? கழட்டி எத்தன சுத்துல வருதுன்னு எண்ணிச் சொல்லுங்க.

போடிமெட்டு_ஜீப்:

அண்ணே நல்லவேளை கேட்டீங்க. இன்னைக்குச் சாயங்காலம் கழட்டுனேன். ஸ்பேனர் போட்டு அசைச்சதும் கையாலயே வந்துருச்சு, அதுவே எனக்குப் பயமா இருந்துச்சு. அடாப்டர் மேல வெள்ளை டேப்பு அரை ரோல் இருக்கும்போல, சுத்திச் சுத்தி மொத்தையா கெடக்கு, டேப்ப உரிச்சுட்டு சும்மா மாட்டிப் பாத்தா லொட லொடன்னு ஆடுது. டேப்புதான் இத்தன வருஷம் புடிச்சு வச்சிருக்கு. பைப் முனைக்குள்ள பாத்தா டேப்பு நூலு நூலா கிழிஞ்சு உள்ளயும் போயிருக்கு, ஊசி வச்சு எடுத்தேன். வெர்னியர்ல மரை மேல அளந்தா 9.7 மில்லி வருது.

கோவை_லேத்:

நெனச்சேங்க. 9.7ன்னா அது பிஎஸ்பி, பிரிட்டிஷ் மரை. நம்ம ஊர் கடைல ஒரு நூல் அடாப்டர்னு கேட்டா எடுத்துக் குடுக்கறது அதுதான். உங்க எஞ்சின் அமெரிக்க டிசைன், வில்லிஸ் எஞ்சின், அதுல வர்றது என்பிடி, அமெரிக்க மரை. ரெண்டுக்கும் பேரு 1/8தான், கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், ஆனா பிஎஸ்பி இன்ச்சுக்கு 28 மரை, என்பிடி 27 மரை. கோணமும் வேற, ஒண்ணு 55 டிகிரி, இன்னொண்ணு 60. என்பிடி ஆண் மரை 10 மில்லிக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும். அதனால பிஎஸ்பிய அந்த ஓட்டைல விட்டா ரெண்டு சுத்து சுகமாப் போற மாதிரி இருக்கும், ஆனா மரை மரைல உக்காராது, ரெண்டு மூணு எடத்துல மட்டும் கடிச்சுட்டு நிக்கும். யாரோ அதுக்கு மருந்தா டேப்பச் சுத்தியிருக்காங்க.

என்பிடி அடாப்டர் கெடைக்கலைனா பக்கத்து லேத்துல பித்தளைல கடையச் சொல்லுங்க, பழசக் காட்டி அது மாதிரின்னு மட்டும் சொல்லீராதீங்க, அதே தப்பக் கடைஞ்சு குடுப்பாங்க. 27 மரைன்னு சொல்லி எழுதிக் குடுங்க, டேப்பர் மரைன்னும், அதாவது முனைக்குப் போகப் போகச் சிறுக்கற மரைன்னும் சொல்லுங்க. கடையறப்பவே உள்ள முழு ஓட்டை போடாம ஒரு மில்லி ஓட்டை மட்டும் விடச் சொல்லுங்க. எதுக்குன்னா, பைப்புக்குள்ள ஆயில் ஓடறதில்ல, நிக்கறது, அழுத்தம் மட்டும்தான் போகுது, அதனால சின்ன ஓட்டைனாலும் முள்ளு காட்டறது அதே அளவுதான். ஆனா எப்பவாச்சும் பைப் உடைஞ்சா ஆயில் வெளிய போறது கம்மியாத்தான் இருக்கும். முள்ளும் துடிக்காம நிக்கும்.

பிளாக் மரைய என்பிடி டாப் (மரை வெட்டற கருவி, சுத்தற டேப்பு இல்ல) விட்டு ஒரு தடவ சுத்தம் பண்ணுங்க, கையாலயே, டாப் பள்ளத்துல கிரீஸ் அடைச்சு விடுங்க, பிசுறு கிரீஸ்ல ஒட்டிட்டு வெளிய வந்துரும். ஆயில் கேலரிக்குள்ள, அதாவது பிளாக்ல ஆயில் ஓடற வழிக்குள்ள, இரும்புப் பிசுறு விழுந்தா நேரா பேரிங்குக்குத்தான் போகும், அவசரப்படாதீங்க.

சென்னை_புல்லட்:

ப்ரோ எதுக்கு இவ்ளோ கஷ்டம், பைக் டிஸ்க் பிரேக் ஹோஸ் இருக்கே, வளையும், அழுத்தம் தாங்கும், ரெண்டு பக்கம் பான்ஜோ போல்ட்டு (நடுவுல ஓட்டை போட்ட போல்ட்டு), மாட்டுனா முடிஞ்சுது. பிரேக்ல வர்ற அழுத்தத்துக்கு முன்னாடி 50 பிஎஸ்ஐ எல்லாம் ஒண்ணுமே இல்ல.

பழைய_எஞ்சின்:

தம்பி அழுத்தம் தாங்கும், ஆயில் தாங்காது. சாதாரண பிரேக் ஹோஸ் உள் ரப்பர் பிரேக் ஃப்ளூயிடுக்காகப் பண்ணது, எஞ்சின் ஆயில் பட்டா ஊறி உப்பி மெத்துனு ஆயிடும். பிரேக் மாஸ்டர்ல யாராவது தெரியாம எஞ்சின் ஆயில் ஊத்தி வாஷர் எல்லாம் பலூன் மாதிரி உப்புனத பாத்திருப்பீங்க, அதே கதைதான். உள்ள டெஃப்லான் குழாய் வச்ச ஸ்டீல் பின்னல் ஹோஸ்னா சரி, இல்லன்னா ஹைட்ராலிக் ஹோஸ் பண்ற கடைல ஆயிலுக்குன்னு சொல்லி ஒரு அடிக்கு அடிக்கச் சொல்லலாம். பிளாக்குலேருந்து ஒரு அடி ஹோஸ், அதுக்கப்புறம் பாடில கிளாம்ப் போட்டு காப்பர். ரெண்டாம் உலகப் போர் காலத்து மிலிட்டரி ஜீப்லயும் எஞ்சின் பக்கம் வளையிற ஹோஸ்தான் குடுத்திருந்தாங்க.

சென்னை_புல்லட்:

சாரி ப்ரோ, அந்த ரப்பர் மேட்டர் எனக்குத் தெரியாது. நல்லவேளை சொன்னீங்க, நான் என் ஃப்ரெண்டு வண்டிக்கு அதத்தான் சொல்லிட்டு இருந்தேன், உடனே ஃபோன் பண்றேன். இன்னொரு டவுட்டு, பைப்புல காத்து இருந்தா பிரேக் மாதிரி ப்ளீட் பண்ணி காத்த வெளிய எடுக்கணுமா? காத்து இருந்தா மீட்டர் தப்பாக் காட்டாதா?

கோவை_லேத்:

காட்டாதுங்க. பிரேக்ல பெடல் அமுக்கற தூரம் வீணாப் போறதாலதான் காத்து தொந்தரவு. இங்க தூரம் கணக்கில்ல, அழுத்தம்தான் கணக்கு. ஆயில் காத்தை அமுக்கும், காத்து மீட்டருக்குள்ள இருக்கற வளைஞ்ச குழாய அமுக்கும், ரெண்டும் ஒரே அழுத்தம். அந்தக் குழாய்க்கு போர்டான் டியூப்னு பேரு, 1849ல ஃப்ரான்ஸ்ல போர்டான்னு ஒருத்தர் பேட்டண்ட் வாங்குனது, தட்டையா அமுக்கி வளைச்ச குழாய், உள்ள அழுத்தம் ஏறுனா நிமிரப் பாக்கும், அந்த அசைவுதான் முள்ளு. 170 வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் கம்ப்ரஸர்ல, கேஸ் சிலிண்டர்ல எல்லாம் அதுதான். முதல் ஸ்டார்ட்ல முள்ளு ஏற ரெண்டு மூணு செகண்டு கூட எடுக்கும், அவ்ளோதாங்க. மனசு கேக்கலைனா மீட்டர் பக்கம் நட்ட ஒரு சுத்து தளர்த்தி, கீழ பனியன் வேஸ்ட் புடிச்சு, ஆயில் எட்டிப் பாத்ததும் இறுக்கிக்கங்க.

மீட்டர் பக்கம் நட்டு இறுக்கறப்ப ரெண்டு ஸ்பேனர் போடோணுங்க, இத மறந்துராதீங்க. ஒண்ணு மீட்டர் தண்டப் புடிச்சுக்கோணும், இன்னொண்ணு நட்டத் திருப்போணும். ஒத்த ஸ்பேனர்ல இறுக்குனா தண்டு சேந்து சுத்தி உள்ள இருக்கற அந்தக் குழாய் முறுக்கிக்கும், அப்பறம் மீட்டரே குப்பை.

வயல்_ட்ராக்டர்:

எங்க ட்ராக்டர்ல ரெண்டாவது மீட்டர் ஏன் போச்சுன்னு இப்பத்தான் புரியுது. இத யாரும் சொல்லித் தரலீங்க.

போடிமெட்டு_ஜீப்:

நாலு நாளா எழுத முடியல, வேலைய முடிச்சுட்டு எழுதலாம்னு இருந்தேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, செஞ்சத அப்படியே சொல்றேன், வேற யாருக்காவது உதவும்.

அடாப்டர் தேனில ஒரு லேத்துல கடைஞ்சேன். 27 மரைன்னு சொன்னதும் அந்தப் பெரியவர் கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்தாரு, யாரு சொன்னதுன்னாரு, சொன்னேன், அப்புறம் பழச வாங்கி பிட்ச் கேஜ் (மரை அளவு பாக்குற பல்லு வச்ச தகடு) வச்சு வெளிச்சத்துல காட்டுனாரு, 28 பல்லு அச்சா உக்காருது, 27 வச்சா மூணாவது பல்லுலேருந்து நடுவுல வெளிச்சம் தெரியுது. அந்த வெளிச்சம் வழியாத்தான் இத்தன நாளா கசிஞ்சிருக்கு. ஒரு மில்லி ஓட்டையும் போட்டுக் குடுத்தாரு. பல்புக்கும் சேத்து ஒரு டீ கேட்டேன், பிளாக்குல நேரா டீ மாட்டாத, கனம் தாங்காம ஆட்டத்துல கழுத்து முறியும், ஒரு பட்டை வச்சு பக்கத்து போல்ட்டுல புடிச்சு விடுன்னாரு. அப்படியே பண்ணிட்டேன்.

பழைய_எஞ்சின் அண்ணன் சொன்ன ஹோஸ் தேடுனேன், இங்க ஒரு நூல் அளவுல யாரும் அடிச்சுத் தரல, அதனால காப்பர், ரெண்டு சுத்து. ஆயில் டின் ஒண்ணு இருந்துச்சு, அது மேல சுத்துனேன், மடிப்பில்லாம அழகா வந்துச்சு. பழைய பைப் மேனிஃபோல்டுக்கு நாலு விரக்கடை தள்ளித்தான் போயிருந்துச்சு, இப்ப தகட்ட ஒட்டி மேல தூக்கி, மூணு எடத்துல ரப்பர் வச்ச கிளாம்ப் போட்டு கொண்டு வந்தேன். தகட்டு ஓட்டைய அரம் போட்டு ராவி, ரப்பர் புஷ் மாட்டி, அப்புறந்தான் பைப்ப நுழைச்சேன்.

ஒரு தப்பு பண்ணேன், அதையும் சொல்லிடறேன். மொத வெட்டுக்கு ஹாக்ஸா பிளேடு எடுத்துட்டேன், ஊதிப் பாத்தா பைப்புக்குள்ள பித்தளைப் பொடி மாதிரி மின்னுது, அந்த முனைய நாலு இன்ச் தள்ளி, ஃப்ரிட்ஜ் கடைக்காரர்கிட்ட சின்ன டியூப் கட்டர் வாங்கிட்டு வந்து திரும்ப வெட்டி, பெட்ரோல் விட்டு ஊதி சுத்தம் பண்ணுனேன். வெட்டுன ஓரத்துல உள்பக்கம் ஒரு விளிம்பு வளைஞ்சு நிக்கும், அத ஆணி முனைல லேசா சுரண்டி எடுக்கணும்.

ஃபெரூல் மேல டேப் போடல, காப்பர் மேல ஃபெரூல் கடிச்சு உக்காந்தாத்தான் ஒழுகாதுன்னு படிச்சேன். அடாப்டர் டேப்பர் மரைக்கு மட்டும் மொத ரெண்டு மரைய விட்டுட்டு ரெண்டே சுத்து. வார்ப்பு இரும்பு பிளாக், வலிமையக் காட்டி இறுக்கல, கையால நின்னதுக்கு மேல ஸ்பேனர்ல ரெண்டு சுத்து இருக்கும்.

ஸ்டார்ட் பண்ணும்போது மகன உள்ள உக்கார வச்சு முள்ளப் பாக்கச் சொல்லிட்டு நான் பானெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுட்டு நின்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனான், அப்பா ஏறுதுன்னு கத்துனான். குளுந்த எஞ்சின்ல 45. கால் மணி நேரம் ஓட விட்டு வெள்ளை டிஷ்யூ பேப்பர எல்லா நட்டுலயும் ஒத்திப் பாத்தேன், டீல பல்பு சுவிட்சு மரைல மட்டும் லேசா ஈரம், ஆஃப் பண்ணிட்டு கால் சுத்து வச்சேன், நின்னுருச்சு.

பழைய_எஞ்சின்:

அருமை தம்பி. ஒரு நூறு கிலோமீட்டர் ஓடுனதும் ஃபெரூல் நட்டு ரெண்டையும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க, புது காப்பர் கொஞ்சம் உக்காரும். சூடான எஞ்சின்ல ஐடில்ல முள்ளு நல்லா எறங்கும், அதப் பாத்து பயப்படாதீங்க. பொதுவா ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு ஒரு கணக்கு வச்சுக்குவோம். உங்க வண்டிக்கு சூட்டுல எவ்வளவு நிக்குதுன்னு ஒரு வாரம் பாத்து நோட்டுல எழுதி வைங்க. நாளைக்கு அது எறங்குனா எறங்குச்சுன்னு தெரியும்ல. அப்புறம் டூல்ஸ் பையில பிளாக் ஓட்டைய அடைக்க ஒரு நூல் என்பிடி பிளக் ஒண்ணு போட்டு வைங்க, சின்ன சாமான்தான், அடுத்த தடவ யாரும் பைப்ப மடிக்க வேண்டாம்.

போடிமெட்டு_ஜீப்:

பிளக்கும் ஒண்ணு அதே லேத்துல கடைஞ்சு வாங்கிட்டேன் அண்ணே. நேத்து மெட்டு ஏறுனேன், சித்தப்பாவும் வந்தாரு. அடிவாரத்துல 40, ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல 32, மேல டீக்கடைல ஐடில் விட்டப்ப 12. எறங்கி வந்து ஃபெரூல் நட்டு தொட்டேன், எஞ்சின் பக்கம் கொஞ்சம் வாங்குச்சு, மீட்டர் பக்கம் அசையல. அன்னைக்கு பைப்ப மடிச்சுக் குடுத்த எஸ்டேட் டிரைவர் அண்ணன மேல தேடுனேன், லோடு எறக்கப் போயிருக்காருன்னாங்க, ஒன்றரை லிட்டர் ஆயில டீக்கடைல குடுத்துட்டு வந்திருக்கேன்.

வயல்_ட்ராக்டர்:

தம்பி எவ்வளவு அடி பைப் வாங்குனீங்க? நானும் காப்பருக்கே திரும்பலாம்னு இருக்கேன், ரெண்டு சுத்து போட்டு.

போடிமெட்டு_ஜீப்:

9 அடி வாங்குனேன் அண்ணே, நான் வெட்டிக் கெடுத்தது போக ஒன்றரை அடி மிச்சம் இருக்கு. ட்ராக்டர்ல எஞ்சினும் மீட்டரும் ஒரே இரும்போட நிக்குறதால தூரம் கம்மிதான் வரும், ஒரு கயித்த பைப் போற வழியிலயே வச்சு வளைச்சு அளந்துட்டு, சுத்துக்குன்னு ரெண்டு அடி கூட வாங்குங்க. மரை என்னன்னு மொதல்ல கழட்டி அளந்துருங்க.